சாவிக்கொத்து யாருக்கு?

2006-ல் வந்த 'ஆப்ளிவியன்' கேமுக்கு மாட் போடும்போது "அனுமதி இல்லை" என்று வந்தால், "அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டுடா!" என்பார்கள் நம்ம பசங்க. அது வைத்தியம் இல்லீங்க.

2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் சாதாரண புரோகிராம் எதுவும் எழுத முடியாது. பழைய புரோகிராம் எழுதினால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற வேறு இடத்தில் போட்டுவிடும். மாட் ஏறிடுச்சுன்னு நினைப்போம், கேமில் இல்லாமலும் போகலாம்!

சி டிரைவில் 'கேம்ஸ்' என்று தனி ஃபோல்டர் போட்டு, அதில் கேமை இன்ஸ்டால் செய்யுங்கள். போதும்.

எங்க வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். தவணையே முடியலை, தங்கச்சி பாடமும் அதில்தான். முகம் தெரியாதவர் எழுதிய புரோகிராமுக்கு முழு அதிகாரம் எதற்கு? திண்ணையில் உட்கார வந்தவருக்குச் சாவிக்கொத்தையா கொடுப்போம்?