வாளியில் வந்த லோஹான்

கோவில் தொண்டர் குழுவிலிருந்து எழுதுறோம். மண்டப வாசல்ல இருக்கிற கண்ணாடித் தொட்டியைப் பத்தி நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. "நேர்த்திக்கடன் மீனா?" "நெத்தி வீங்கியிருக்கே, நோயா?" "பாவம், ஏன் ஒத்தையா வச்சிருக்கீங்க?" எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பதிவாப் போட்டுடுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில பூ கட்ட வந்த அக்காதான் முதல்ல பார்த்தாங்க. தாமரைக் குளத்துல (சிமெண்டுத் தொட்டிதான், நாமதான் குளம்னு சொல்றோம்) நீங்க வாங்கி விட்ட தங்கமீன் எல்லாம் வால் கிழிஞ்சு மிதக்குது. நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு சிவப்பா ஒரே ஒரு மீன், நெத்தியில பெரிய மேட்டோட, யாரைடா கடிக்கலாம்னு சுத்திக்கிட்டிருக்கு. ஓரத்துல ஒரு நீல வாளி. ராத்திரி யாரோ கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு நாங்க தேடல. கோவில்ல விட்டா நல்லா இருக்கும்னு நம்பித்தான் செஞ்சிருப்பாங்க.

அது லோஹான். நம்ம மலேசியாவுலேயே உருவான மீன். மத்திய அமெரிக்காவின் சிக்லிட் குடும்பத்து மீன்களைக் கலந்து 1990களில் இங்க உண்டாக்கினாங்க. சீனர் கோவில்ல இருக்கிற அர்ஹத் ஞானிகளைத்தான் லோஹான்னு சொல்வாங்க, அந்த நெத்திக்காக இந்தப் பேர். 2000க்குப் பிறகு ஒரு காலம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? உடம்புல இருக்கிற கறுப்புப் புள்ளியில நம்பர் தெரியுதுன்னு நாலு நம்பர் எடுக்க ஓடினோம். நல்ல மீனுக்கு ஆயிரக்கணக்குல ரிங்கிட் கொடுத்தாங்க. அந்த மோகம் அடங்கினதும் மீன்கள் எங்க போச்சு? ஆத்துலயும் குட்டையிலயும்தான்.

கடையில வாங்கும்போது விரல் நீளம்தான் இருக்கும், குட்டித் தொட்டியே போதும்னு தோணும். அது ஒரு அடி வரைக்கும் வளரும். நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருசம் இருக்கும். குறைஞ்சது நாலடித் தொட்டி வேணும். கூட எந்த மீனையும் சேர்க்காது, ஜோடின்னு விட்டதையே கொன்னுடும். கையை விட்டா கையையும் கடிக்கும், எங்க தம்பி ஒருத்தரோட விரல் சாட்சி. பிள்ளை ஆசைப்பட்டுச்சுன்னு பாசார் மாலாம்ல வாங்கிட்டு, ரெண்டு வருசம் கழிச்சு வைக்க இடமில்லாம திண்டாடுற வீடு நம்ம தாமான்லயே எத்தனை!

சரி, எங்க தப்பையும் சொல்லிடுறோம். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சிரமதானம். கோவிலையே கழுவுறோம், தொட்டியை விடுவோமா? தண்ணி முழுக்க இறைச்சு, கல்லைத் தேய்ச்சு, பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணியில பளிச்சுன்னு கழுவி, புதுத் தண்ணி நிரப்பினோம். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மறுநாள் மீன் கறுத்துப் போய், மூலையில சாஞ்சு கிடக்கு. அது போயிடும்னே நினைச்சோம்.

சுங்கைப்பட்டாணியில மீன் கடை வச்சிருக்கிற சீன அங்கிள் வந்து பார்த்துட்டுத் திட்டினாரு. மீனோட கழிவுல இருந்து அம்மோனியா வரும், அது விஷம். அந்தப் பஞ்சுல குடியிருக்கிற பாக்டீரியாதான் அதை நைட்ரைட்டா மாத்தி, பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்துது. புதுத் தொட்டியில அது உருவாக நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். நாங்க அதை ஒரே காலையில கொன்னுட்டோம், குழாய்த் தண்ணியில இருந்த குளோரின் மீதியைப் பார்த்துக்கிச்சு. அன்னைக்கு ராத்திரியிலிருந்து தினமும் கால்வாசித் தண்ணி மட்டும் மாத்தி, குளோரின் முறிக்கிற மருந்து ஊத்தி, தீனியை நிறுத்தி, ரெண்டு ரெண்டு பேரா முறை வச்சுப் பார்த்தோம். காவடி எடுக்கிற நாள் அன்னைக்குத்தான் அது மறுபடி கண்ணாடியை முட்டுச்சு. அப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. இப்பல்லாம் பஞ்சை அந்தத் தொட்டித் தண்ணியிலேயேதான் அலசுறோம்.

அதனாலதான் பொங்கல், பொரி, வடை எதுவும் போடாதீங்கன்னு எழுதி ஒட்டியிருக்கோம். பசிக்கிற மாதிரி கிட்ட வந்து வாலாட்டும், நம்பாதீங்க. வயிறு ஊதிச் செத்துடும். கொசு மருந்து புகை அடிக்க வர்றாங்கன்னு தெரிஞ்சா உடனே எங்களுக்குச் சொல்லுங்க. அந்த மருந்து மீனுக்குக் கடும் விஷம், காத்து மோட்டார் அதை நேரா தண்ணிக்குள்ள இழுத்துடும். தொட்டியை மூடி, புகை கலையிற வரைக்கும் மோட்டாரை நிறுத்தணும்.

இதைவிட அழகா இருக்கேன்னு சிலர் டிஸ்கஸ் வாங்கப் பார்க்குறீங்க. அதுவும் சிக்லிட்தான், இன்னும் சிரமம். அமேசான் மீன், 28 டிகிரிக்குக் குறையாத மென்மையான தண்ணி கேட்கும். தண்ணி தடை வந்தா நம்ம வீட்டுக்கே இல்ல, அதுக்கு எங்க போறது? ஆனா அதுல ஒரு அதிசயம் இருக்கு. தாயும் தகப்பனும் தங்கள் தோல்ல சுரக்கிற பாலைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். மீன் பார்வையாலேயே குஞ்சுகளை வளர்க்கும், மீனாட்சி அம்மனும் அப்படித்தான் நம்மைக் காக்குறாள்னு பெரியவங்க சொல்வாங்க இல்லயா, அதைப் படிச்சப்ப எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

அந்தப் பாசமே வெளியில விட்டா வினையாகுது. திலாப்பியாவும் இதே குடும்பம்தான். ஜப்பான்காரன் காலத்துல ஜாவாவிலிருந்து வந்தது, தாய் மீன் முட்டையை வாயிலேயே வச்சுப் பொரிக்கும், இன்னைக்கு அது இல்லாத குட்டை எது? பீகாக் பாஸும் அப்படித்தான். வயல் வாய்க்கால்ல தாத்தா காலத்துல பிடிச்ச விராலும் கெளுத்தியும் இதுங்களோட மல்லுக்கட்டணும். மூடா ஆறு நம்ம கெடா வயலுக்கும் பினாங்குக் குடிதண்ணிக்கும் ஓடுற ஆறு. அதுல லோஹானை விடுறது புண்ணியம் இல்லீங்க. அந்த மீனுக்கும் இல்ல, ஆத்துக்கும் இல்ல.

வளர்க்க முடியலன்னா வெக்கப்படாம எங்ககிட்ட சொல்லுங்க. இன்னொரு தொட்டிக்கு இங்க இடமில்ல, ஆனா திரும்ப வாங்கிக்கிற கடை தெரியும், கூடவே வந்து கொடுக்கிறோம். அந்த நீல வாளியோட சொந்தக்காரர் இதைப் படிச்சா, உங்க மீன் நல்லா இருக்கு, வந்து பாருங்க. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டோம்.

வியாழக்கிழமை தண்ணி தடைன்னு சொல்றாங்க. ரெண்டு டிரம் பிடிச்சு வச்சாச்சு. அன்னைக்குச் சாயங்காலம் தண்ணி மாத்த ரெண்டு பேர் வேணும், முடிஞ்சவங்க ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வாங்க.