திம்பம் மலையில் ஒரு லாரிப் பயணம்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் சாலையில், பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் திம்பம் மலைப்பாதை ஆரம்பித்துவிடுகிறது. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். காரில் போகிறவர்களுக்கு அது கண்ணுக்கு விருந்து. பாரம் ஏற்றிய லாரிக்கோ பெரிய பரீட்சை.

சங்ககிரிப் பக்கம் எங்கள் ஊரில் லாரித் தொழிலில் இல்லாத வீடு குறைவு. என் கணவரும் ஓர் ஆறு சக்கர லாரியைச் சொந்தமாக வைத்து, தாமே ஓட்டுகிறார். அவர் மலைக்குப் போகிற நாளெல்லாம் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "ஒருக்கா நீயே வந்து பாரு" என்று போன தை மாதம் என்னையும் அழைத்துப் போனார்.

தாளவாடிக்குச் சிமெண்ட் லோடு. பவானி, கோபி, சத்தி வழியாக வந்து பண்ணாரியில் விடியும்வரை காத்திருந்தோம். 2022 பிப்ரவரியிலிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, இரவு நேரத்தில் சரக்கு லாரிகள் இந்த மலையில் போகக் கூடாது. இது 2013-ல் புலிகள் காப்பகமான காடு. இரவில் சாலையைக் கடக்கும் மான், சிறுத்தை போன்றவை அடிபடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. லாரிக்காரர்களுக்கும் அந்த நேரத்தில் நல்ல தூக்கம் கிடைக்கிறது!

விடிந்ததும் அவர் டயர்களைத் தட்டிப் பார்த்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் பூசிக்கொண்டு வந்தார்.

ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன். லாரி திரும்ப முழு ரோடும் வேண்டியிருப்பதால், எதிரே வந்த கார்கள் ஒதுங்கி நின்றன. குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், சட்டமே அப்படித்தான். பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்டால், மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும் அபாயம் உண்டு.

ஒரு வளைவில் வரிசை நின்றுவிட்டது. கிளீனர் பையன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். கிளம்பியதும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். சிலர் கல்லை வைத்துவிட்டு நடுரோட்டிலேயே விட்டுப் போய்விடுவார்களாம். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்களின் கதி என்ன?

மறுநாள் தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஆசனூர் பக்கம் கரும்பு லாரியை எதிர்பார்த்து ஒரு யானை நின்றிருந்தது. அது காட்டுக்குள் போகும்வரை தூரத்திலேயே நிறுத்தியிருந்தார். இரக்கப்பட்டுக் கரும்பைத் தூக்கிப் போடுவதுதான் யானையைச் சாலைக்குப் பழக்குகிறது.

திம்பத்திலிருந்து இறக்கம். வண்டி ஆமை மாதிரி நகர்ந்தது. "ஏனுங்க, எறக்கந்தானே, இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாமில்லீங்க?" என்றேன்.

"ஏறுன கியர்லயேதான் எறங்கோணும். ஏத்தத்துல ஆளை அடிக்காது, எறக்கந்தான் அடிக்கும்" என்றார்.

சின்ன கியரில் இறங்கினால் என்ஜினே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். தண்ணீர்க் குடத்தோடு படி இறங்கும்போது நாம் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து அடிவைக்கிறோமே, அது போல. பெரிய கியரில் விட்டுவிட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால், அது சூடேறிக் கருகல் வாடை அடிக்கும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏர் பிரேக்கில் அடிக்கடி மிதிக்க மிதிக்கக் காற்றும் குறையும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரை அடகு வைப்பதற்குச் சமம். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஓட்டுவது அவர்கள் என்றாலும், வீட்டில் இருக்கும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது, சகோதரிகளே.

மலை ஏறுகிற நேரம் தெரியுமல்லவா? அந்த நேரத்தில் போன் செய்யாதீர்கள். கீழே இறங்கியதும் அவரே பேசட்டும்.

"பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள், விசேஷம் இருக்கிறது" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவசரக்காரன் இறக்கத்தில் பெரிய கியரைத்தான் தேடுவான்.

புறப்படுவதற்கு முதல்நாள் வீட்டுச் சண்டை, கணக்கு வழக்கு எதுவும் வேண்டாம். நன்றாகத் தூங்கட்டும். வயிறு முட்டச் சோறு போடாமல், இட்லி மாதிரி இலேசாகக் கொடுங்கள்.

ஜலதோஷத்துக்கு நாம் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும். டாக்டரிடம் "இவர் வண்டி ஓட்டுகிறவர்" என்று சொல்லி வாங்குங்கள். கண், சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளையும் தள்ளிப்போட வேண்டாம்.

லாரியே இல்லாத வீட்டுக்காரர்களும் ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ காரில் போவீர்கள். முன்னால் லாரி ஊர்ந்துகொண்டிருந்தால், "அடிங்க ஹாரனை, முந்துங்க" என்று சொல்லாதீர்கள். அந்த லாரி மெதுவாகப் போவது பின்னால் வரும் உங்களுக்கும் சேர்த்துத்தான். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பின்னாலேயே வாருங்கள்.