யாரு கால்ல பந்து?

2022 ஜனவரி 12. ஜொகூரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஷெபி சிங் விழுந்து இறந்துவிட்டார் என்ற செய்தி கைப்பேசிக்கு வந்தது. 61 வயது. நான் முதலில் அழைத்தது மாமாவைத்தான். கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, “நம்ம ஆளுங்க மாதிரி பேசினவன்டா அவன்” என்றார்.

மாமா போர்ட் கிள்ளானில் துறைமுகத் தொழிலாளியாக இருந்தவர். வேலை முடிந்தால் திடல்தான். நாற்பது வயதில் இனிப்புநீர் அவர் பார்வையைக் கொண்டுபோனது. ஓராண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். பிறகு யாரோ சொல்லி பிரிக்பீல்ட்ஸ் போனார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் வேலை செய்யும் உடம்புபிடிக் கடைகளும் அங்கே நிறைய. தொழில் கற்றுக்கொண்டு, ஒரு கடையில் சேர்ந்து, அதன் மாடியறையிலேயே தங்கிவிட்டார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் அவரைப் பார்க்கப் போவேன். இங்கிலாந்தில் மாலை மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு பத்து மணிக்கு. அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்று. விடிய விடியத் திறந்திருக்கும் உணவுக்கடையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்து மேசையைப் பிடித்துக்கொள்வோம். அவருக்குச் சீனி போடாத தே ஓ. எனக்கு மைலோ.

தொலைக்காட்சி வர்ணனை கண் உள்ளவர்களுக்கானது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. வானொலிக்காரர் பந்து எங்கே, யார் காலில், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சிக்காரர் ஆட்டக்காரர் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மீதியைத் திரை காட்டிவிடும். அந்த மீதியை நான்தான் மாமாவுக்குச் சொல்வேன். “சிவப்புச் சட்டை மாமா, இடது ஓரமா வரான், ஒருத்தன வெட்டிட்டான், உள்ள அடிக்கப் போறான்...” நான் பரபரப்பில் கத்தினால் கையைத் தட்டுவார். “கத்தாத. யாரு கால்ல பந்து? அத மொதல்ல சொல்லு.”

இடைவேளையில் எனக்கு ஓய்வு. திரை இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்கு மாறும். இஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிலையத்தில் ஜான் டைக்ஸ் நிகழ்ச்சியை நடத்த, பக்கத்தில் ஷெபி உட்கார்ந்திருப்பார். செர்பெகத் சிங். ஜொகூர்க்காரர், தேசியக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர். சுற்றிலும் பிரிட்டிஷ் குரல்கள். நடுவில் இந்த மனிதர் நம் ஊர் ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுவார். மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனாலும், “இவன் பேசுறது மட்டும் புரியுதுடா” என்பார். துறைமுகத்தில் அவர் கேட்டுப் பழகிய ஆங்கிலம் அது.

2012இல் ஷெபி பிளேக்பர்ன் ரோவர்ஸ் குழுவுக்கு உலகளாவிய ஆலோசகராகப் போனார். 1995இல் லீக்கை வென்ற குழு. 2010இல் புனேயின் வெங்கிஸ் கோழி நிறுவனம் அதை வாங்கியது. 2012இல் அது பிரிமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. போன கொஞ்ச நாளிலேயே, பயிற்றுநர் ஸ்டீவ் கீன் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போக வேண்டியதுதான் என்று ரசிகர்கள் கூட்டத்தில் ஷெபி சொன்னது செய்தியானது. செப்டம்பரில் கீன் விலகினார். அடுத்து வந்த ஹென்னிங் பெர்க் 57 நாள். அவருக்கு அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். ஆங்கிலப் பத்திரிகைகள் ஷெபியைக் கேலி செய்தன. கேலியில் நியாயமும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, “இந்தப் பயிற்றுநர் தேறமாட்டார்” என்று சொன்னால் அது விமர்சனம். பதவியில் இருந்துகொண்டு சொன்னால் ஒருவருடைய பிழைப்பு. செய்தியைப் படித்துக் காட்டியபோது மாமா, “கடையில பேசுறத அங்க போய்ப் பேசிட்டான் லா” என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

அவரைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. 2006இல் ஓர் ஒளிபரப்பு நிலையத்தின் குரல் தேர்வுக்குப் போனேன். வர்ணனையாளராகி சிங்கப்பூர் போக வேண்டும் என்பது என் கனவு. ஒலியை நிறுத்திவிட்டு ஓர் ஆட்டத்தை ஓடவிட்டார்கள். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். வருடக்கணக்காகக் கேட்ட இங்கிலாந்துக் குரல்கள் எல்லாம் என் வாயிலிருந்து வந்தன. ஏற்ற இறக்கம், இழுப்பு, எல்லாம் அப்படியே. நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். தேர்வாளர் பெரியவர். கோபப்படவில்லை.

“எந்த ஊர் தம்பி?”

“கிள்ளான் சார்.”

“அப்புறம் ஏன் மான்செஸ்டர்ல பொறந்தவர் மாதிரி பேசுறீங்க? உங்க குரல்ல பேசுங்க.”

மறுபடியும் படத்தை ஓடவிட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. பந்து பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் குரல் எது என்று தேடிக்கொண்டே இருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் மேசையில் அத்தனை சனிக்கிழமைகள் பேசிய குரல் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அது ஒரு குரல் என்றே நான் நினைத்திருக்கவில்லை. அதன்பிறகு எந்தத் தேர்வுக்கும் போகவில்லை. இப்போது கணக்கு அலுவலகத்தில் வேலை. தேர்வில் என்ன நடந்தது என்று மாமாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஷெபி இறந்த அந்த வாரம், சனிக்கிழமை மாமாவே அழைத்தார். இப்போது அவர் கிள்ளானில் மகள் வீட்டில். நான் செராஸில்.

“இன்னிக்கு ஆட்டம் இருக்காடா?”

“எட்டரைக்கு. சிட்டி, செல்சி.”

“சொல்றியா?”

கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுச் சோபாவில் வைத்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்தேன். பல வருட இடைவெளி. முதல் ஐந்து நிமிடம் திணறினேன். பிறகு வந்துவிட்டது. எழுபதாவது நிமிடம் டி பிராய்ன் பந்தை இழுத்துக்கொண்டு வந்து கட்டத்துக்கு வெளியிலிருந்தே வளைத்து அடித்தார். கோல். என் மகள் அறையிலிருந்து ஓடிவரும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

மறுமுனையில் மாமா பொறுமையாகக் காத்திருந்தார்.

“சரி, கோலு. எந்த மூலையில போச்சு? அதச் சொல்லாம கத்துறியே.”