பனமலையில் பேசாமல் ஒரு மணி நேரம்

விழுப்புரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். கீழே ஏரி, மேலே குன்று. குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். (காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ஆசாமிதான்!) பக்கச் சன்னதிச் சுவரில் பார்வதி. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து ஒயிலாக நின்று சிவனின் நடனத்தைப் பார்க்கிறாள். ஆடியவர் ஏறக்குறைய அழிந்துவிட்டார். ரசித்தவள் மட்டும் ஆயிரத்து முந்நூறு வருஷமாக நிற்கிறாள்.

கூட வந்த நண்பர் பேங்க் உத்தியோகஸ்தர், கத்தோலிக்கர். "பார்க்கத்தான் வரேன், கும்பிட இல்லை சார்" என்று கண்டிஷன் போட்டு வந்தவர், பாறையில் உட்கார்ந்ததும் கரைந்துவிட்டார்.

"எங்க கோயில்ல இந்த அமைதி கிடைக்காது சார். நன்மை வாங்கிட்டு வந்து கண்ணை மூடினா உடனே கீ-போர்டு. அப்பா போன பிறகு ஜெபப் புத்தகத்தைத் திறந்தா வார்த்தையே வரமாட்டேங்குது. சும்மா உட்கார்ந்திருக்கேன். இது பாவமோன்னு பயமா இருக்கு."

மேற்கே கையைக் காட்டினேன். அந்தத் திசையில்தான் திருவண்ணாமலை.

ஆன்ரி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி 1948-ல் இந்தியா வந்தார். அடுத்த ஜனவரியில், குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்த மோன்ஷனானோடு ரமணரைப் பார்க்கப் போனார். முதல் தரிசனத்தில் ஏமாற்றம்தான். பிறகு காய்ச்சலில் படுத்தவருக்குள் அந்த மௌனம் மெல்ல இறங்கிவிட்டது. 1950-ல் இருவரும் தண்ணீர்ப்பள்ளியில், காவேரிக் கரையில், சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். லெ சோ அபிஷிக்தானந்தா ஆனார். 1952-லிருந்து அருணாசலக் குகைகளில் போய்ப் போய் உட்கார்ந்தார்.

சுகமாக இல்லை சார், உள்ளுக்குள் பெரிய குஸ்தி! பூசைப் பீடம் ஒரு பக்கம் இழுக்கிறது, குகை மறுபக்கம் இழுக்கிறது. பி.காம். பாஷையில் சொன்னால், இரண்டு பக்கமும் டேலி ஆகவே இல்லை. மனுஷன் எதையும் ரைட்-ஆஃப் செய்யவும் இல்லை. 1973-ல் இந்தூரில் கண்மூடும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார்.

1968-ல் சாந்திவனத்துக்கு வந்த ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸ், 1993-ல் மறையும்வரை அதை நடத்தினார். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மௌன தியானம் அங்கே வழக்கமானது. காவி, ஆரத்தி, சமஸ்கிருத சுலோகம் எல்லாம் உண்டு. 'இது யாருடைய ஆன்மிகம்?' என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், காவியைக்கூட விட்டுக்கொடுக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தை விடக்கூடாது.

"அப்ப வார்த்தை வராம உட்கார்றது ஜெபம்தான்கறீங்களா?"

"நான் சொல்லலை சார். இயேசுவே ராத்திரி முழுக்கத் தனியா மலையில இருந்தவர்தானே? அங்கே யார் கீ-போர்டு வாசிச்சாங்க?"

சாந்திவனத்துக்குக் குளித்தலையில் இறங்க வேண்டும். பக்கம்தான். நண்பர் மூன்று நாள் கேஷுவல் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.