'இயங்குகிறது' என்பதன் எழுவாய்

வாடகைக்குப் பெற்ற மெய்நிகர் சேவையகம் ஒன்று எழ மறுக்கும்போதும், அதன் கட்டுப்பாட்டுப் பலகை பெரும்பாலும் பச்சை நிறத்தில் 'இயங்குகிறது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். பலகை பொய் சொல்லவில்லை. அந்தப் பயனிலைக்கு எழுவாய் எது என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறது. இயங்குவது, தரவு மையத்துப் பெருங்கணினி ஒதுக்கித் தந்த மெய்நிகர்ச் செயலியும் நினைவகமும் மட்டுமே. அவற்றின்மேல் லினக்ஸ் எழுந்ததா இல்லையா என்பது பலகைக்குத் தெரியாது. எஸ்எஸ்எச் வழியே உள்ளே நுழைய முயல்பவருக்கோ எந்த மறுமொழியும் வராது.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மொழியியல் துறையில் ஒரு மழைக்காலத்தில் இது நேர்ந்தது. ஜார்க்கண்டின் காட்டோரச் சிற்றூர்களில் பேசப்படும் பிர்ஹோர் என்னும் முண்டா மொழியின் களப்பதிவுகள் அத்தகைய சேவையகம் ஒன்றில் இருந்தன. பேராசிரியரின் அலமாரியில் இருந்த வெளிவட்டுப் படி பதினான்கு மாதம் பழையது. அதற்குப் பின் பதிவான குரல்களுள் ஒரு மூதாட்டி சொன்ன கதைகளும் அடக்கம். அவர் அந்தக் கோடையிலேயே மறைந்துவிட்டிருந்தார். 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் மறைந்தபோது ஆக்கா-போ மொழியைப் பேச ஒருவரும் எஞ்சவில்லை, பதிவுகளே எஞ்சின. ஒலிக்கோப்பு ஒன்றை இழப்பது மொழியியலாளருக்கு என்ன பொருள்படும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சேவையகத்தை வாடகைக்கு விட்ட நிறுவனம், பராமரிப்புக்காகத் தன் பெருங்கணினியை முந்தைய இரவில் நிறுத்தி இயக்கியிருந்தது. ஆண்டுக்கு மேலாக ஓய்வின்றி ஓடிய துறையின் சேவையகம் காலையில் எழவில்லை. உதவி மையத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'மீள்நிறுவுக' என்ற பொத்தானை அழுத்தவும். அந்தப் பொத்தான் பழைய வட்டைத் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளத்தை எழுதும். பதில் எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் வைத்திருப்பது, மற்றொரு படியிலிருந்து அரை மணியில் மீட்டுவிடக்கூடிய இணையத்தளம். ஆனால் வட்டில் என்ன இருக்கிறது என்று கேளாமலே இந்த அறிவுரையைத் தருவது, நோயாளியின் பெயரைக்கூடக் கேளாமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

சேவையகத்தைக் கவனிக்கும் பொறுப்பு துறையின் முனைவர் பட்ட மாணவி ஒருவரிடம் இருந்தது. கணினியியல் படித்தவரல்லர். அவர் பொத்தானைத் தொடவில்லை. சேவையகத்தை முற்றிலும் நிறுத்தி, வட்டின் அப்போதைய நிலையை அப்படியே படியெடுக்கும் 'ஸ்னாப்ஷாட்' ஒன்றை முதலில் எடுத்தார். கோளாறு என்னவென்று அறியுமுன் செய்யத்தக்கது அது ஒன்றே. பிறகு மீண்டும் இயக்கி, பலகையின் ஒரு மூலையில் இருந்த 'கன்சோல்' சாளரத்தைத் திறந்தார். மெய்நிகர் கணினிக்குத் திரை இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். திரை உண்டு, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சேவையகம் எழுவது ஒரே செயல் அன்று. முதலில் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ, அடுத்து க்ரப் என்னும் ஏற்றி, அதன்பின் கெர்னல். கெர்னலோடு சேர்த்து இனிட்ராம்எஃப்எஸ் என்றொரு சிறு கோப்புத் தொகுதியும் நினைவகத்தில் ஏறும். கோப்புகள் உறையும் வேர்ப்பகுதியை அதன் நீண்ட அடையாள எண்ணைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்துக் கெர்னலின் கையில் கொடுப்பது அந்தத் தொகுதியின் வேலை. அதற்குப் பிறகே சிஸ்டம்டி விழித்து மற்றவற்றை எழுப்பும். எஸ்எஸ்எச் விழிப்பது ஏறக்குறைய கடைசியில். ஆகவே 'உள்ளே நுழைய முடியவில்லை' என்பது இந்தப் படிகளில் எதில் சறுக்கினாலும் வரக்கூடிய ஒரே புகார். எங்கே சறுக்கியது என்பதைத் திரையின் கடைசி வரிகள்தாம் சொல்லும்.

அந்த வரிகள் கெர்னல் பேனிக் என்று தொடங்கி, வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்று முடிந்தன. இறுதியில் அடைப்புக்குள் இரண்டு பூச்சியங்கள். இதைக் கண்டு வட்டே செத்துவிட்டது என்று கைவிட்டவர்கள் பலர். செய்தியை எழுத்தெண்ணிப் படித்தால் அப்படிப் பொருள்படாது. பூச்சியமும் பூச்சியமுமாக நிற்கும் அந்த எண், எந்தச் சாதனத்தையும் கெர்னல் அடையவே இல்லை என்கிறது. வட்டு சிதைந்ததாக அது சொல்லவில்லை. தேடிக் கொடுக்க வேண்டிய தொகுதி வந்து சேரவில்லை என்றே கொள்ளலாம்.

மாணவி மறுபடி இயக்கி, உரிய நொடியில் விசையை அழுத்திக் க்ரப்பின் பட்டியலை வரவழைத்தார். மேம்பட்ட தெரிவுகளுள் பழைய கெர்னல் ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தவுடன் சேவையகம் எழுந்துவிட்டது. எழுந்ததும் அவர் பழுதுபார்க்க அமரவில்லை. ஒலிக்கோப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்துக்குப் படியெடுத்தார். மாலை வரை ஆயிற்று. மூதாட்டியின் கதைகள் பின்னணிச் சேவல் கூவலோடு முழுமையாக இருந்தன.

காரணம் பதிவேட்டில் கிடைத்தது, ஐந்து மாதம் பழைய தேதியில். கெர்னல்கள் உறையும் பூட் பகுதியின் அளவு 512 எம்பி. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே நிறுவப்பட்டு வந்தமையால் பழைய கெர்னல்கள் அங்கே குவிந்திருந்தன. புதிய கெர்னல் எப்படியோ நுழைந்துகொண்டது. அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் தொகுதியை எழுத இடமில்லை. பிந்தைய ஒரு புதுப்பிப்பின்போது, துணையில்லாத அந்தக் கெர்னலே க்ரப்பின் பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்டது. ஓடிக்கொண்டிருந்த பழைய கெர்னல் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மாதங்களாக அந்தச் சேவையகம் எழ முடியாத சேவையகமாகவே ஓடிக்கொண்டிருந்தது. நானூறு நாள், ஐந்நூறு நாள் நிறுத்தாமல் ஓடுகிறது என்று பெருமை பேசுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பழைய கெர்னலும் எழாதிருந்தால் இன்னொரு வழி இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மெய்நிகர் வட்டைக் கழற்றி நலமாக உள்ள மற்றொரு சேவையகத்தில் இரண்டாம் வட்டாக மாட்டிவிட்டால் அந்த முதுகை அது பார்த்துச் சொல்லும். முதலில் படிக்க மட்டும் ஏற்றி, சிஸ்டம்டியின் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். தோற்றுப்போன நாளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லையென்றால் பெரும்பாலும் கோளாறு வேர்ப்பகுதி ஏறுவதற்கு முன்னது. வரிகள் இருந்தால் பின்னது. அப்போது முதலில் ஐயுற வேண்டியது, எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்று எழுதிவைத்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பை. என்றோ கழற்றிய வட்டின் பெயர் அதில் எஞ்சியிருந்தால், சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். இன்றியமையாத வட்டல்ல என்றால் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லை அந்த வரியில் சேர்த்தால் போதும்.

துறையின் சேவையகத்தில் பழைய கெர்னல்கள் நீக்கப்பட்டன. தொகுதி புதிதாக எழுதப்பட்டது. க்ரப்பின் பட்டியலும் புதுப்பிக்கப்பட்டது. பிறகு மாணவி, கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு, சேவையகத்தை வேண்டுமென்றே இருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்த்தார். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை, யாரும் பயன்படுத்தாத நேரத்தில், அதையே செய்கிறார்.