மூன்று முறை வாசிப்பது ஏன்?

நம் குழந்தைகள் இருவரும் பள்ளிக்கூடம் செல்வதில்லை. வீடே பள்ளிக்கூடம், நாமே வாத்தியார். "இது என்ன புதுப் பைத்தியம்?" என்று நம்மைக் கேளாத உறவினர் புதுக்கோட்டையில் இல்லை. கணக்கும் இலக்கணமும் ஒருவாறு நடந்தேறின. குடிமையியல் பாடம் வந்தபோதுதான் வாத்தியாருக்குச் சோதனை வந்தது.

"ஒரு மசோதா சட்டமாவதற்கு முன் சட்டசபையில் மூன்று முறை வாசிக்கப்பெறும்" என்று கம்பீரமாக ஆரம்பித்தோம்.

"ஏன் அப்பா, முதல் தடவையே அவர்களுக்குப் புரியாதா?" என்றான் பத்து வயதுப் பையன்.

புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. ஆகவே புத்தகத்தை மூடி வைத்து, உண்மையான மசோதா ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

எந்த மசோதா? தை பிறந்தால் வாடிவாசலைத் தவிர வேறு நினைவில்லாத சீமை நம்முடையது. பையன் உடனே, "ஜல்லிக்கட்டு!" என்றான். சரி என்று புறப்பட்டோம். 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர் வெள்ளம் திரண்டது. 21-ந் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. 23-ந் தேதி மசோதா சட்டசபைக்கு வந்தது, அன்றே நிறைவேறியது. மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் சம்மதமும் கிடைத்துவிட்டது. நாம் வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் மசோதா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது!

"மெதுவாகப் போகும் மசோதா ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அப்பா" என்றாள் பதின்மூன்று வயதுப் பெண்.

அதற்கும் நாம் வெளியூர் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், ஆட்சேபங்களுக்கிடையே, மன்னரின் அனுமதியால் இடம் பெற்றவர். பின்னாளில் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினராகி, அதன் உபதலைவராகவும் விளங்கினார். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவருடைய விரதம். அவருடைய தாயார் பிறந்ததே அவ்வழக்கத்தால் துன்புற்ற குலத்தில்தான்.

1927-இல் அம்மையார் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார், சபை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது விருப்பம். சட்டம் என்பது கட்டளை. 1929-இல் கோயில் மானிய நிலங்களைப் பற்றிய ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயில் ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற தளை அதனால் அறுந்தது. 1930-இல் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அதே ஆண்டில், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்து வெளியேறினார். மசோதா தேங்கி நின்றது. 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன் மந்திரியாக இருந்தபோதுதான் அது சட்டமாயிற்று.

"இந்த நல்ல காரியத்தை யாராவது எதிர்ப்பார்களா?" என்றான் பையன்.

இங்கேதான் நமக்குச் சற்றுத் தொண்டை அடைத்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் நம் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். தேசத்துக்காகச் சிறை சென்ற தீரர். அவர் கதையைக் குழந்தைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இதை மட்டும் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. மறைத்தால் அது குடிமைப் பாடமாகாது. உள்ளதைச் சொன்னோம்.

"அப்படியானால் அவர் நல்லவர் இல்லையா?"

"நல்லவர்தான். இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இல்லை."

பையன் சிறிது நேரம் யோசித்தான். "அதனால்தான் மூன்று முறை வாசிக்கிறார்களா? நல்லவர்களும் தவறிப்போவார்கள் என்பதற்காகவா?" என்றான்.

வாத்தியார் மாணாக்கனிடம் பாடம் கேட்டுக்கொண்டார். முதல் வாசிப்பில் மசோதாவைக் கொண்டு வரச் சபையின் அனுமதி. இரண்டாவதில் அதன் கொள்கையையும், பிறகு ஒவ்வொரு பிரிவையும் அலசுதல். வேண்டுமானால் கமிட்டிக்கோ பொதுஜன அபிப்பிராயத்துக்கோ அனுப்புதல். மூன்றாவதில் முடிவு. எல்லாம், மனிதர் தம் கருத்தை மாற்றிக்கொள்வதற்குச் சபை தரும் அவகாசமே.

மகிழ்ச்சியோடு பாடத்தை முடிக்கப் போனோம். பெண் விடவில்லை.

"காளைக்கு ஒரே நாள். பெண் குழந்தைக்குப் பதினேழு வருஷமா, அப்பா? அந்த வருஷங்களில் பொட்டுக் கட்டிய பெண்கள் என்ன ஆனார்கள்?"

ஜல்லிக்கட்டுக்காகக் கடற்கரை நிறைந்தது. அச்சிறுமிகளுக்காக மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் போன்ற சிலர் ஊர் ஊராய்ப் பேசினார்கள். சபைக்குள்ளே ஒரு டாக்டர் அம்மாள் போராடினார். இவ்வளவுதான் நம்மால் சொல்ல முடிந்தது. யோசிக்கச் சபைக்கு அவகாசம் வேண்டும். ஆனால் அந்த அவகாசத்துக்குரிய விலையைச் சபையில் இல்லாதவர்களே கொடுக்கிறார்கள். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் நாம் படித்ததன்று.

மறுநாள் காலை சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று நம் ஜில்லாவின் ஆறு தொகுதிகளும், எதிரே அங்கத்தினர்களின் பெயர்களும் பெண்ணின் கையெழுத்தில் இருந்தன. கீழே ஒரு வரி:

"இப்போது எந்த மசோதா தூங்குகிறது? இவர்களைக் கேட்க வேண்டும்."

கடிதத்துக்குத் தபால் தலை வாங்கி வரும் வேலை வாத்தியாருக்கு இடப்பட்டிருக்கிறது.