இருபதாம் நாள் வந்த மிஸி

"சளிதானே" என்று சொல்லிப் பேரப்பிள்ளையைப் பறிகொடுக்க இருந்த ஒரு பாட்டியின் கதை இது. அந்தப் பாட்டி நான்தான்.

ஒரு டிசம்பர் மாதம். மகளின் பிரசவத்துக்கு உதவியாக, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போயிருந்தேன். பெரியவன் மூக்கொழுகத் தம்பியை முத்தமிட்டுக்கொண்டிருந்தான். நாலைந்து நாளில் சின்னவனுக்கும் மூக்கடைப்பு. பாலை இரண்டு வாய் குடிப்பான், விட்டுவிடுவான்.

"டாக்டரிடம் காட்டலாமா அம்மா?" என்றாள் மகள்.

"உடம்பில் சூடே இல்லை. நாலு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், சளிதானே!" என்றேன்.

அன்று பிறந்த இருபதாம் நாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்க மிஸி வந்தார். சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அறுபத்தெட்டு மூச்சு! ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. "இப்போதே ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

சளியைச் சோதித்து, ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் என்றார்கள். பெரியவனுக்கு வெறும் சளியாக வந்தது, சின்னவனின் நுரையீரல் நுண்குழாய்களை அடைத்திருந்தது. பிராணவாயு வைத்து, குழாய் வழியே பால் கொடுத்தார்கள். ஆறாம் நாள் வீடு வந்தான்.

கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில், 1982 முதல் 2008 வரை சோதிக்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் 10,269 சளி மாதிரிகளில் 2,708இல் வைரஸ் இருந்தது. அதில் பத்துக்கு ஏழு ஆர்.எஸ்.வி. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அது மிகுதி. ஆனால் இது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு. வராத பிள்ளைகளை யார் எண்ணுவது? வீடு தேடிப் போனால்தான் தெரியும்.

மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலியில், டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் கிராமத்து மருத்துவச்சிகளுக்கே மூச்செண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நிமிட மணற்கடிகாரம். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஆபத்தைக் கண்டுகொண்டார்கள்.

தாய்மார்களே, நம்மிடம் கடிகாரம் இருக்கிறது. குழந்தை அழாதபோது ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, அதன்பின் ஒரு வயது வரை 50. அதைத் தொட்டால் காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கை குறைவானாலும், பால் குடிக்க மறுத்தால், நெஞ்சுக்கூடு குழி விழுந்தால், உதடு நீலம் பாரித்தால் உடனே புறப்படுங்கள். காய்ச்சல் இல்லையே என்று ஏமாறாதீர்கள். சளி பிடித்தவர்கள் பச்சைப்பிள்ளையை முத்தமிட வேண்டாம்.

இன்று அவன் "பாட்டி" என்று ஓடி வருகிறான். அந்த மிஸி மறுநாள் வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் என் வாய் அடைத்துப்போகிறது.